டிவியைத் தாங்குவது எது?

55 அங்குல டிவி ஒன்று இன்று ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த 29 அங்குலப் படக்குழாய் டிவி 40 கிலோவைத் தொடும். அதை நகர்த்த வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டாக வேண்டும். அந்தக் கனத்துக்கு மேசைதான் சரி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டிவி இளைத்தது, சுவரில் ஏறியது. ஏறிய பிறகு அதைத் தாங்குவது எது என்று கேட்டால், பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். சட்டத்தைத் தாங்குவது நான்கோ ஆறோ திருகாணிகள். அந்தத் திருகாணிகளைத் தாங்குவது, சுவருக்குள் புதைந்திருக்கும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் குழல்கள். ஹார்டுவேர் கடையில் ரால் பிளக் என்று கேட்டால் பாக்கெட்டாக எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பசை கிடையாது, சிமெண்ட் கிடையாது. பெரும்பாலும் உராய்வு ஒன்றை நம்பித்தான் அது நிற்கிறது.

அந்தக் குழலின் உள்துளை திருகாணியைவிடச் சிறியது. திருகாணி உள்ளே ஏற ஏற, குழலின் பிளவுபட்ட பாதிகள் விலகி விரிகின்றன. விரிய இடமில்லை, சுற்றிலும் சுவர். குழல் சுவரைத் தள்ளுகிறது. சுவரும் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். இந்தத் தள்ளுமுள்ளில் பிறக்கும் உராய்வுதான் பிடி. இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று அழுத்தும் விசையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால், எவ்வளவு இழுப்புக்கு அது அசையாமல் நிற்கும் என்பது கிடைக்கும். கெழு 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ இழுப்பைத் தாங்க, குழலும் சுவரும் ஒன்றையொன்று 100 கிலோவுக்கு நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். குழல் நெருக்கத் தயாராகவே இருக்கிறது. சுவர் ஈடுகொடுக்குமா என்பதுதான் கேள்வி. சுவர் திருப்பித் தள்ளாமல் உள்வாங்கிக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த பிளக்கும் வீண்.

இந்தச் சின்னப் பொருளுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அதற்கு முன்பு சுவரில் ஏதாவது மாட்ட வேண்டுமென்றால், உளியால் பெரிய குழி வெட்டி, அதில் மரக்கட்டையை வைத்து, சுற்றிலும் கலவை பூசி, காய்ந்த பிறகு கட்டையில் ஆணி அடிப்பார்கள். நம் ஊரில் சுவிட்ச் போர்டுகளை வெகு காலம் இப்படித்தான் பொருத்தினார்கள். பழைய வீட்டை இடிக்கும்போது அந்தக் கட்டைகள் இன்றும் உதிரும். ஈரக் கலவையில் ஊறி உப்பிய மரம், காயும்போது சுருங்கும். சில வருடங்களில் போர்டு ஆட ஆரம்பிக்கும். 1911 வாக்கில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக்காரருக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை வந்தது. சுவரைச் சிதைக்காமல், பார்ப்பவர் கண்ணில் படாமல் செய்து தர வேண்டும். அவர் சணல் நாரை விலங்கு இரத்தத்தால் ஒட்டிச் சிறு குழல்களாக்கினார். சிறு துளை, அதற்குள் நார்க்குழல், அதற்குள் திருகாணி. நார் நெருக்குண்டு சுவரைப் பிடித்துக்கொண்டது.

சணலை நைலானாக்கியவர் ஜெர்மனியின் ஆர்துர் ஃபிஷர். பூட்டு வேலை பழகியவர். கேமரா ஷட்டர் திறக்கும் அதே நொடியில் எரியும் ஃபிளாஷ் விளக்கை 1949-இல் செய்து பெயர் வாங்கியவர். 1958-இல் அவர் செய்த சாம்பல் நிற நைலான் பிளக்கின் வடிவத்தைத்தான், சிற்சில மாற்றங்களோடு, இன்று நம் தெருமுனைக் கடையிலும் விற்கிறார்கள். அதன் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் இரண்டு சிறு இறக்கைகளைக் கவனித்திருப்பீர்கள். திருகாணியை முறுக்கும்போது குழலும் சேர்ந்து சுற்றிவிடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. முன்பாதியில் இருக்கும் பற்கள் விரியும்போது துளையின் சொரசொரப்பில் பதிந்துகொள்ளும். 1,100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற ஃபிஷர், 2016-இல் 96 வயதில் காலமானார்.

பிளக்கின் கதை இவ்வளவுதான். சுவரின் கதை பெரிது. சுவரை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து முடித்த பிறகு எல்லாச் சுவரும் ஒரே முகம்தான். உள்ளே இருப்பது செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, கான்கிரீட்டா, காற்றடைத்த இலேசான ஏஏசி பிளாக்கா என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி, டிரில் வெளியே தள்ளும் தூள். நல்ல பிட்டர்கள் இதைக் கண்ணாலும் காதாலும் கையாலும் படிப்பார்கள். ஒரு சோதனைத் துளை போடும்போது அருகில் நின்று பாருங்கள்.

முதலில் வருவது வெள்ளைத் தூள், அது பட்டி. ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் முடிந்துவிடும். அடுத்து சாம்பல் நிறத்தில், மணல் கலந்து, கொரகொரவென்று கொட்டுவது பூச்சு. உள்சுவரில் இது 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். கொத்தனார் சுவரின் கோணலைப் பூச்சில் சரிக்கட்டியிருந்தால் இன்னும் கூடும். பிறகு தூள் செங்காவி நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வந்தால்தான் செங்கல்லைத் தொட்டதாகப் பொருள். சிவப்பு தொடர்ந்து சீராக வந்தால் மகிழ்ச்சி. மறுபடி சாம்பல் வந்தாலோ, டிரில் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலோ, பிட் இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்துக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே பிளக் வைக்கக் கூடாது. சாந்து எல்லா இடத்திலும் நிறைந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சென்னையின் பழைய வீடுகளில் அது சிமெண்டே அல்ல, கையால் கிள்ளினால் உதிரும் சுண்ணாம்புக் கலவையாகவும் இருக்கும். இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் செங்கல் கிடைத்துவிடும்.

பூச்சைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. 50 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளக்கை 20 மில்லிமீட்டர் பூச்சுள்ள சுவரில் செருகினால், செங்கல்லுக்குள் இருப்பது 30 மில்லிமீட்டர்தான். பூச்சுக்குள் இருக்கும் பகுதியால் பயன் இல்லை. பூச்சு சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தோல். அது எதையும் தாங்குவதற்காகப் போடப்பட்டதல்ல. ஓதம் ஏறிய சுவரில் அந்த ஒட்டும் போயிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’கென்று கேட்கும், பூச்சு விட்டுப்போன இடத்தில் ‘பொத்’தென்று கேட்கும். ‘பொத்’ கேட்ட இடத்தில் டிவி வேண்டாம். பூச்சு கனமாக இருந்தால் 75 அல்லது 80 மில்லிமீட்டர் நீளமுள்ள, 10 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளக்கை வாங்கி, பூச்சைத் தாண்டி முழுக்கச் செங்கல்லுக்குள் இறக்க வேண்டும். திருகாணியும் அதற்கு ஏற்ற நீளத்தில் இருக்க வேண்டும். அதன் முனை பிளக்கின் கடைசிவரை போகாவிட்டால், விரிய வேண்டிய நுனி விரியவே விரியாது.

ஹாலோ பிளாக் சுவரில் டிரில் வேறு மாதிரி பேசும். ஒன்றரை அங்குலம்போல கெட்டியாகப் போய், பிறகு எதிர்ப்பே இல்லாமல் ‘லொடக்’கென்று உள்ளே விழும். தூளும் நின்றுவிடும். பிட் கல்லின் வெற்றிடத்துக்குள் போய்விட்டது. சாதாரண பிளக்கை அதில் செருகினால் அதன் முன்பாதி வெட்டவெளியில் விரிகிறது. நெருக்குவதற்கு எதிரே ஒன்றும் இல்லை, உராய்வும் இல்லை. கையால் இழுத்தாலே வந்துவிடும். இதற்கென்றே வேறு வகைகள் உண்டு. வெற்றிடத்துக்குள் போனதும் முடிச்சுபோல் மடிந்து கொள்ளும் பிளக் ஒன்று. சிறகு விரித்துக் கல்லின் உட்புறத்தைப் பிடித்துக்கொள்ளும் டாகிள் போல்ட் இன்னொன்று. இவை உராய்வை நம்புவதில்லை. தங்கள் வடிவத்தால் மாட்டிக்கொள்கின்றன.

இப்போது அடுக்குமாடிகளில் பெரும்பாலும் எழும் ஏஏசி பிளாக்குக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் கட்டடக்கலைஞர் ஆக்ஸல் எரிக்ஸன், 1920-களில். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் அல்லது அனல்மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றைக் கரைத்து, அதில் சிட்டிகை அலுமினியத் தூளைப் போடுவார்கள். அலுமினியமும் காரக் கரைசலும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரைசல் குமிழிகளோடு பொங்கி மேலெழும். ஓரளவு இறுகியதும் கம்பியால் துண்டு போட்டு, நீராவி அழுத்தக் கலனுக்குள் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். ஹைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். ஒரு கன மீட்டர் செங்கல் சுவர் 1,800 கிலோ அளவில் இருக்க, ஏஏசி 550 முதல் 650 கிலோதான். கட்டடத்தின் கனம் குறைகிறது, வெயிலின் சூடு உள்ளே வருவதும் குறைகிறது. நல்ல பொருள்தான்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஏஏசியின் நசுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 4 நியூட்டன். நம் நாட்டுச் செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கீழ் வரம்பு 3.5. தாளில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. அப்படியானால் செங்கல்லில் நிற்கும் பிளக் ஏன் ஏஏசியில் நழுவுகிறது? நசுக்கு வலிமை என்பது முழுக் கல்லையும் இயந்திரத்தில் வைத்து அழுத்தி எடுத்த கணக்கு. பிளக் அழுத்துவதோ தன் பற்கள் படும் சில மில்லிமீட்டர் இடத்தை. அந்த இடத்தில் ஏஏசி என்பது மெல்லிய சுவர்களால் ஆன குமிழிக் கூட்டம். பல் பட்டதும் குமிழிச் சுவர்கள் நொறுங்கி மாவாகின்றன. மாவு திருப்பித் தள்ளாது. திருகாணியை இன்னும் முறுக்கினால் இன்னும் மாவாகும். இறுக இறுகத் தளர்கிற விசித்திரம் இந்தச் சுவரில்தான்.

இதில் ஹாமர் டிரில்லின் பங்கும் உண்டு. செங்கல், கான்கிரீட் போன்றவை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையில் பலவீனமானவை. கான்கிரீட்டின் இழுவிசை வலிமை அதன் நசுக்கு வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஹாமர் டிரில் நொடிக்குப் பலநூறு குத்துகளால் நுண்விரிசல்களை உண்டாக்கி, டங்ஸ்டன் கார்பைடு முனையால் சில்லுகளைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அதாவது அது வெட்டுவதில்லை, உடைக்கிறது. கான்கிரீட்டில் இது வேண்டும். ஏஏசியில் அதே குத்துகள் 10 மில்லிமீட்டர் துளையை 12, 13 ஆக்கி, சுற்றியிருக்கும் குமிழிகளையும் கலைத்துவிடும். டிரில்லில் சுத்தியல் படம் போட்ட ஒரு சிறு விசை இருக்கிறதே, அதை வெறும் சுழற்சிக்கு மாற்றினால் போதும். துளை சுத்தமாக விழும். பல வீடுகளில் யாரும் அந்த விசையைத் தொடுவதே இல்லை.

அனுபவம் உள்ள ஆள் வெண்சாம்பல் தூள் மிருதுவாக, மணலே இல்லாமல் கொட்டுவதைப் பார்த்ததுமே டிரில்லை நிறுத்திவிடுவார். “சார், இது ஏஏசி பிளாக். டப்பாவுல வந்த பிளக் இதுல நிக்காது. வேற வாங்கிட்டு வாங்க, இல்லன்னா நாளைக்கு வரேன்” என்பார். அப்படிச் சொல்பவரிடம் எரிச்சல் படாதீர்கள். அவருக்கு நாளைக்கும் டீக்காசு சேர்த்துக் கொடுக்கலாம். டிவிப் பெட்டியோடு வரும் நான்கு பிளக்குகள், கெட்டியான கான்கிரீட்டையோ செங்கல்லையோ மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. உங்கள் வீட்டுச் சுவரைத் தொழிற்சாலைக்குத் தெரியாது.

ஏஏசிக்கு மூன்று வழிகள். சுருள் இறக்கைகளோடு நீளமாக இருக்கும் ஏஏசி பிளக் ஒரு வழி. அது விரிந்து நெருக்குவதைவிட, நீண்ட பரப்பில் பதிந்து பாரத்தைப் பங்கிடுகிறது. இரண்டாவது, கெமிக்கல் ஆங்கர். துளைக்குள் இரு கூறு பிசினைச் செலுத்தி, அதில் திருகுமரை போட்ட இரும்புத் தண்டைச் செருகினால், பிசின் குமிழிகளுக்குள் ஊறிக் கெட்டியாகிவிடும். வலைக்குழல் ஒன்றைச் சேர்த்தால் ஹாலோ பிளாக்குக்கும் இதுவே மருந்து. ஆனால் துளைக்குள் தூசி இருந்தால் பிசின் தூசியோடு ஒட்டிக்கொள்ளும், சுவரோடு அல்ல. தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து ஊத வேண்டும். மூன்றாவது, செலவு குறைந்தது: 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றைச் சுவரில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பொருத்தி, டிவிச் சட்டத்தைப் பலகையில் மாட்டுவது. பாரம் பல துளைகளுக்குப் பரவிவிடும். பிளைவுட் பேனல் அடித்து அலங்காரம் செய்த டிவி யூனிட்டுகளைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அங்கே பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். தச்சர் அந்தப் பலகையை அலங்காரத்துக்குத்தான் நிறுத்தியிருப்பார், 15 கிலோவுக்கு அல்ல. அதில் திருகாணி பலகையைத் துளைத்துச் சுவர்வரை போயாக வேண்டும்.

எல்லாத் தலைவலிக்கும் ‘ஆங்கர் போல்ட் போட்டுடலாம்’ என்று ஒரு தீர்வு சொல்வார்கள். இரும்பு, பிளாஸ்டிக்கைவிட உறுதிதானே என்ற எண்ணம். கான்கிரீட்டில் அது உண்மை. அலுமினிய அச்சு வைத்து வார்த்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட புதிய அடுக்குமாடிகளில், கம்பி குறுக்கிடாத வரை, ஆங்கர் போல்ட் பிரமாதம். செங்கல்லில் கதை வேறு. நைலான் விரியும்போது கொஞ்சம் வளைந்துகொடுக்கும், இரும்பு கொடுக்காது. போல்ட்டை முறுக்க முறுக்க அதன் கூம்பு செங்கல்லைப் பக்கவாட்டில் பிளக்கிறது. செங்கல்லுக்கு இழுவிசை ஆகாது என்று மேலே சொன்னேன். ஓரத்துக்கு அருகில் போட்ட துளையாக இருந்தால் செங்கல் சத்தமில்லாமல் இரண்டாகும். பூச்சு மறைத்துக்கொண்டிருப்பதால் வெளியே தெரியாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஆங்கர் போல்ட் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியைச் செருகி இறுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. காலண்டருக்குப் போதும். குச்சி ஒரு பக்கம் மட்டும் நெருக்கும், மறுபக்கம் காற்று. போதாக்குறைக்கு மரம் மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும். டிவிக்கு அடுத்த பருமன் பிளக்கைப் போடுங்கள், அல்லது துளையை இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

யூடியூபில் பார்த்துவிட்டு ‘ஸ்டட் ஃபைண்டர்’ வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே உட்சுவர் என்பது 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரத்தூண்களும், அவற்றின் மேல் அறைந்த ஜிப்சம் பலகையும். பலகைக்கு வலு கிடையாது. தூணைத் தேடிப் பிடித்து அதில் நேராகத் திருகாணியை இறக்குகிறார்கள். நம் செங்கல் சுவரில் தேட அப்படி எதுவும் இல்லை. அலுவலகங்களில் ஜிப்சம் தடுப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பாடம் பொருந்தும். அங்கேயும் உள்ளே இருப்பது மரமல்ல, தகரச் சட்டம்.

சரி, சுவர் நன்றாகவே இருக்கிறது. அப்போதும் டிவி விழுமா? விழலாம். இங்கேதான் நெம்புகோல் வருகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெருவைக் கடந்துவிடலாம்; அதே குடத்தைக் கையை நேராக நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் கழன்றுவிடும். எடை மாறவில்லை, தூரம் மாறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ டிவி, சுவரோடு ஒட்டிய சட்டத்தில் இருக்கிறது. அதன் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 6 சென்டிமீட்டர். சட்டத்தின் மேல் திருகாணிகளுக்கும் அதன் கீழ் விளிம்புக்கும் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிவி கீழே இழுக்கும்போது சட்டம் தன் கீழ் விளிம்பை ஊன்றி முன்னால் சாயப் பார்க்கும். மேல் திருகாணிகள் சுவரிலிருந்து பிடுங்கப்படும். அந்தப் பிடுங்கு விசை 15-ஐ 6-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் வருவது: 4.5 கிலோ. வெறும் நாலரை கிலோ! இதற்கு எந்த பிளக்கும் போதும். இப்போது அதே டிவியை, படுக்கையறைக்கும் கூடத்துக்கும் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசையில், 50 சென்டிமீட்டர் நீளும் மடக்குக் கையில் மாட்டுங்கள். 15 பெருக்கல் 50, வகுத்தல் 20: 37.5 கிலோ. எட்டு மடங்குக்கும் மேல். மடக்குக் கையின் இரும்பே சில கிலோ இருக்கும், அதைச் சேர்க்கவில்லை. மலிவான மடக்குக் கைகளின் சுவர்த்தகடு சிறியது. 20-க்குப் பதில் 15 சென்டிமீட்டர் என்றால் 50 கிலோ. கையை இடப்பக்கம் திருப்பினால் ஒரு பக்கத் திருகாணிகளே பெரும்பகுதியைச் சுமக்கும். 20 கிலோ எடையுள்ள குழந்தை அந்த டிவியைப் பிடித்துத் தொங்கினால் மேலும் 50 கிலோவுக்குக் குறையாமல் ஏறும்.

ஆகவே டிவி எத்தனை கிலோ என்று கேட்பது அரைக் கேள்விதான். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏஏசி, ஹாலோ பிளாக் சுவர்களில் மடக்குக் கையே வேண்டாம் என்பது என் கட்சி. ஒட்டி நிற்கும் சட்டமோ, சற்றே சாயும் சட்டமோ போதும். மடக்குக் கை வேண்டியே தீருமென்றால் கான்கிரீட் தூணிலோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரிலோ போடுங்கள்.

நெம்புகோல் இன்னொரு சின்ன வேலையும் செய்கிறது. பிளக் செங்கல்லுக்குள் ஆழமாக இருந்து, நடுவில் பூச்சு உதிர்ந்துபோனால், திருகாணி அந்த 20 மில்லிமீட்டர் தூரத்துக்கு ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். டிவியின் எடை அதை வளைக்க ஆரம்பிக்கும். சட்டம் ஒரு நாள் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தால் அலட்சியம் வேண்டாம். பிளாஸ்டிக்கும் நிரந்தரமாக அழுத்திக்கொண்டிருந்தால் மெல்ல மெல்லத் தளரும் குணம் கொண்டது. நைலானில் இந்தத் தளர்வு குறைவு. மலிவான பாலிஎதிலீன் பிளக்குகளில் அதிகம். ஒரு பிளக்கில் மிச்சமாகும் காசில் ஒரு டீகூட வராது.

டிவியின் முதுகில் இருக்கும் நான்கு துளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தத் தலைவலியை வெசா என்ற சர்வதேசத் தர அமைப்பு தீர்த்துவைத்துவிட்டது. 200-க்கு 200, 400-க்கு 400 மில்லிமீட்டர் என்று இடைவெளிகள் வரையறுக்கப்பட்டிருப்பதால், இடைவெளி ஒத்துவந்தால் ஒரு கம்பெனிச் சட்டம் இன்னொரு கம்பெனி டிவிக்கும் பொருந்தும். திருகாணியின் நீளம் சரியா என்பதை மட்டும் கையால் திருகிப் பாருங்கள். நீளம் அதிகமான திருகாணி உள்ளே போய்ப் பேனலையே குத்திவிடும்.

மின்கம்பியில்தான் உயிர் இருக்கிறது. நம் வீடுகளில் கம்பிகள் சுவருக்குள் பிவிசி குழாயில் ஓடுகின்றன. பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே கூரைக்கு ஏறும், அல்லது நேர் பக்கவாட்டில் அடுத்த போர்டுக்குப் போகும். டிவி மாட்டும் சுவரில் டிவிக்கான பிளக் பாயிண்ட் நடுநாயகமாக இருப்பதால், நீங்கள் துளை போட நினைக்கும் அதே இடத்தில்தான் குழாயும் வந்து சேரும். பாயிண்டுக்கு நேர் மேல், நேர் கீழ், நேர் பக்கம் ஆகியவற்றைத் தவிர்த்துக் கோடு போடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் துளை போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சுவருக்குப் பின்பக்கம் குளியலறையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் டைல்ஸ்வரை செலவு வைக்கும்.

மற்றவை சின்ன வேலைகள். பிட்டில் தேவையான ஆழத்துக்குக் கலர் டேப் ஒட்டிக்கொள்வது, துளையை ஊதித் தூசி எடுப்பது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கில் துணி கட்டுங்கள். அந்தத் தூளில் நுரையீரலுக்கு ஆகாத சிலிக்கா இருக்கிறது. சட்டத்தைப் பொருத்திய பிறகு டிவியை மாட்டுவதற்கு முன், சட்டத்தின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உங்களை நோக்கி பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அப்போதே தெரிந்துவிடும். முறுக்கும்போது முடிவே இல்லாமல் சுற்றும் திருகாணி எதையும் பிடிக்கவில்லை என்று பொருள்; ‘மத்த மூணு இருக்கு சார்’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். உயரமும் முக்கியம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. திரையின் நடுப்பகுதி அதற்கு நேராக வந்தால் கழுத்து தப்பிக்கும். தரையில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பம் என்றால் இன்னும் கீழே. நம் வீடுகளில் டிவி சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது, எத்தனை அங்குலம், கம்பிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பதைக் கட்டுநரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பூச்சு பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளையும் படங்களையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் அந்த வீட்டில் டிரில்லைத் தூக்கும் ஒவ்வொருவருக்கும் அது தேவைப்படும்.